இரண்டாம் கியரில் இறங்கிய காலம்

மேட்டுப்பாளையத்தில் ரயிலே பல்லால் கவ்வித்தான் மலை ஏறும். கல்லாற்றில் தொடங்கிக் குன்னூர்வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் கிடக்கின்றன. என்ஜினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஏறக்குறைய ஓர் அடி மேலே தூக்கும் சரிவு அது. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் அந்த ரயில் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கியர் என்றால் என்னவென்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லாறுவரை சைக்கிளில் கூட்டிப்போய்க் காட்டினால் போதும்.

பக்கத்துத் தார்ச்சாலையில் ஓடுகிற வண்டிகளுக்கும் பல்தான் உயிர். நான் 1974இல், பதினான்கு வயதில், ஊட்டி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். டாக்சி, எஸ்டேட் ஜீப், உருளைக்கிழங்கு லாரி எல்லாம் வரும். பிரேக் லைனிங் கருகின வாடையோடு இறங்கி வருகிற வண்டிதான் அதிகம். ஆனால் பட்டறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கியர்பாக்ஸ் வேலை. மேஸ்திரிக்கு அப்போதே அறுபது நெருங்கியிருக்கும். யுத்தத்துக்கு முன்பு கோயமுத்தூரில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் கை பழகியவர். பெட்ரோலுக்கு ரேஷன் வந்த நாளில் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதில் வந்த வாயுவில் ஓட்டிய கதையெல்லாம் வைத்திருந்தார். எங்கள் பக்கம் மெக்கானிக் என்ற சாதியை உண்டாக்கியவை அந்த பஸ் ஷெட்டுகள்தான். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸோடு தொடங்கியதும், அதற்குச் சில வருஷம் முன்பே தெற்கே டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்டதும் எல்லோரும் சொல்லும் கதை. அந்த பஸ்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

அவர்கள் கற்றுக்கொண்ட கியர்பாக்ஸில், வேகத்தைத் தானாகச் சமன் செய்து கொடுக்கும் கோனும் கிடையாது, வளையமும் கிடையாது. பிரான்சில் எமில் லெவாசோர் 1891 வாக்கில் கட்டிய வண்டியில் இருந்த ஏற்பாடுதான் கொஞ்சம் சீர்பட்டு வந்திருந்தது: ஒரு தண்டில் இருக்கிற பல் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய், சுற்றிக்கொண்டிருக்கிற இன்னொரு சக்கரத்தில் மாட்டுவது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் வெண்ணெயாகப் போகும். வேகம் முன்னே பின்னே இருந்தால் பல்லோடு பல் அடிக்கும். அந்த வேகத்தைச் சமன் செய்வது டிரைவரின் காலும் காதும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுக்க வேண்டும்; கீழ்க் கியருக்கு இறங்குவதானால் அந்த இடைவெளியில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும்; மறுபடி கிளட்சை மிதித்துப் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்பது இதுதான். பின்னாளில் லேலண்ட் காமெட் பஸ்களில் பல் சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும் பெட்டிகள் வந்தபோதும் டபுள் கிளட்ச் போகவில்லை. சேரன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் மலை ஏறுகிறபோது, உள்ளே இருப்பது எந்த டிரைவர் என்று எங்கள் மேஸ்திரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி சொல்லுவார். இரண்டு கிளட்சுக்கும் நடுவில் வருகிற அந்த ஒரு தட்டு ஆளுக்கு ஆள் மாறும்.

மலையில் இது வெறும் நளினம் இல்லை. சமவெளியில் கியர் விழாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் நியூட்ரலுக்கு வந்த வண்டியோ வேகம் பிடித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு நொடியும் கீழ்க் கியரில் விழவைப்பது இன்னும் கஷ்டமாகும். அப்புறம் இருப்பது பிரேக் ஒன்றுதான். அதுவும் நாலு வளைவுக்குள் சூடேறிச் செத்துவிடும். அதனால்தான் ஏறின கியரிலேயே இறங்கு என்பது நீலகிரி டிரைவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி போகும் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இன்றைக்கும் முதல் இரண்டு கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆக எங்கள் பட்டறையில் ஒருவன் வந்து ‘ரெண்டாவது கழண்டுக்குதுங்க’ என்றால், மேஸ்திரி கையில் இருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவார். நாலாவது முனகுகிறது என்றால் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

வேகத்தைச் சமன் செய்கிற வேலையை டிரைவரிடமிருந்து பிடுங்கி ஒரு வெண்கல வளையத்திடம் கொடுத்தது அமெரிக்காவில் காடிலாக் கம்பெனி, வருஷம் 1928. சிங்க்ரோமெஷ் என்று பெயர். பல் மாட்டுவதற்கு முன்பு வளையமும் கூம்பும் உரசி, இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். எங்கள் பட்டறை மொழியில் அது மொத்தமும் கோன். முதலில் மேல் கியர்களுக்கு மட்டும்தான் கோன் வைத்தார்கள். முதல் கியருக்கு எதற்கு, வண்டி நின்றபிறகுதானே போடப்போகிறான் என்ற கணக்கு. அந்தக் கணக்கோடுதான் நம் ஊரில் ஓடிய கார்கள் எல்லாம் வந்தன. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றிலும் முதல் கியருக்குக் கோன் கிடையாது. மூன்று கியர் ஜீப்பிலும் அப்படியே. இரண்டுக்கும் மூன்றுக்கும்தான் உண்டு. ஓடுகிற வண்டியில் முதல் கியரைப் போட முயன்று ‘கர்ர்ர்’ என்று அரைத்துவிட்டு, ‘கியர்பாக்ஸ் போச்சுங்க’ என்று வந்து நின்ற முதலாளிமாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மேஸ்திரி செய்த வைத்தியம் ஒரே வாக்கியம்: ‘நிறுத்திப் போடுங்க சாமி.’ அதற்குக் காசு வாங்கமாட்டார்.

அம்பாசடர் டெல்லிக்காரர்களுக்கு மந்திரி வண்டி. எங்களுக்கு அது டாக்சி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை எடுத்து, 1957இல் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்யத் தொடங்கியது. 2014வரை செய்தது. ஒரு காரின் உள்ளுறுப்பு அத்தனை காலம் பெரிதாக மாறாமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் காரின் சிறப்பு அல்ல. 1953இல் டாரிஃப் கமிஷன், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டி விற்கக்கூடாது என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. மிஞ்சியவை கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் பியட், சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு, அப்புறம் மகிந்திரா ஜீப். புது வண்டிக்குப் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய வண்டியை யாரும் தூக்கிப்போட முடியாது. ஒரே வண்டியை முப்பது வருஷம் ஓட்டுகிற நாட்டில்தான் கியர்பாக்ஸ் மேஸ்திரி என்று தனியாக ஒருவன் பிழைக்க முடியும். நான் கற்ற தொழில் அந்த லைசென்ஸ் ராஜ்யத்தின் குழந்தை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அம்பாசடரின் கியர் கம்பி தரையில் இல்லை, ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டியிருந்தது. முன் சீட்டு ஒரே நீளமாக, குறுக்கே எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அமெரிக்காவில் 1930களின் கடைசியில் பரவிய ஏற்பாடு அது. எங்கள் டாக்சிக்காரர்களுக்கு அது வரம். முன்னால் டிரைவரோடு மூன்று பேர், கொஞ்சம் நெருக்கினால் நான்கு. குன்னூர் போகும் ஷேர் டாக்சியில் அந்த ஒரு ஆள் காசுதான் டிரைவருக்கு மிச்சம். தரையில் கியர் வைத்த வண்டியில் நடுவில் உட்காருகிறவனின் முழங்காலைத் தாண்டித்தான் மூன்றாவது போட வேண்டும். ஆனால் மெக்கானிக்கைக் கேட்டால் அந்த ஸ்டீயரிங் கியரைப் போல நம்பவைத்துக் கழுத்தறுக்கிற சாமான் இன்னொன்று இல்லை. கை வைக்கிற இடம் ஸ்டீயரிங்கில், பெட்டி என்ஜினுக்குப் பின்னால். நடுவில் தண்டு, கம்பி, மூட்டு, புஷ். ஒவ்வொரு மூட்டிலும் அரை நூல் தேய்ந்தால், கடைசியில் பெட்டிக்குள் கியரைத் தள்ளும் ஃபோர்க் முழுசாக நகராது. டிரைவர் கியர் விழுந்துவிட்டது என்று நினைப்பான். உள்ளே பாதிப் பல்தான் மாட்டியிருக்கும். இரண்டு கியருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு எந்தப் பக்கமும் வராமல் நிற்பதும் உண்டு. ரோட்டோரம் பானெட்டைத் தூக்கிவிட்டு, டிரைவர் தலையை உள்ளே விட்டுக் கம்பியைக் கையால் தள்ளிக்கொண்டிருக்கிற காட்சியை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

மேஸ்திரியின் வித்தை முழுவதும் பெட்டியைத் திறக்காமல் இருப்பதில் இருந்தது. கேட்டால் வேடிக்கையாக இருக்கும். கியர்பாக்ஸ் வேலைக்கு ஊரெல்லாம் பெயர் பெற்ற மனுஷன், கியர்பாக்ஸை இறக்குவதை முடிந்தவரை தள்ளிப்போட்டார். வருகிற புகாரில் பாதிக்குமேல் பெட்டிக்குள் குற்றமே இல்லை என்பது அவர் கணக்கு. என் ஐம்பது வருஷக் கணக்கும் அதுதான்.

வண்டி வந்ததும் முதலில் என்ஜினை அணைக்கச் சொல்லுவார். டிரைவரை இறக்கிவிட்டுத் தானே உட்கார்ந்து எல்லாக் கியரையும் ஒரு சுற்று போட்டுப் பார்ப்பார். அணைந்த வண்டியில் எல்லாம் சுகமாக விழுந்து, ஸ்டார்ட் பண்ணின பிறகு மட்டும் அடம்பிடித்தால், பெட்டியை மறந்துவிடலாம், கிளட்ச் வெட்டவில்லை. அதற்கு இரண்டாம் சோதனை ஒன்று வைத்திருந்தார். ஐடிலில் கிளட்சை முழுசாக மிதித்து, மூன்று எண்ணிவிட்டு, ரிவர்ஸ் போடுவார். ரிவர்ஸுக்குக் கோன் கிடையாது, பொய் சொல்லாது. மூன்று எண்ணும் நேரத்தில் உள்ளே சுற்றுகிற தண்டு நின்றிருக்க வேண்டும். அப்போதும் அரைத்தால், கிளட்ச் பிளேட் இன்னும் என்ஜினோடு ஒட்டிக்கொண்டு இழுக்கிறது என்று அர்த்தம். பிறகு காரணம் தேட வேண்டும்: ஆயில் குறைந்த மாஸ்டர் சிலிண்டரா, ஊறிப்போன ரப்பர் ஹோஸா, பெடலில் ஃப்ரீ பிளே அதிகமா. ஒரு தடவை பெடலுக்கு அடியில் புதிதாகப் போட்ட தேங்காய் நார் மேட். வண்டிக்கு அழகு பண்ணின மறுநாளிலிருந்து கியர் விழவில்லையாம்.

அணைந்த நிலையிலும் விழாவிட்டால் அது கம்பியிலோ பெட்டியிலோ இருக்கிறது. எல்லாம் விழுந்து, ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால் கிளட்சைக் குறை சொல்லக்கூடாது. கிளட்ச் எல்லாக் கியருக்கும் பொது. அந்த ஒன்றின் கோன் தேய்ந்திருக்கும். சத்தத்துக்கும் இப்படித்தான். கிளட்சை மிதித்தால் வருகிற சத்தம் ரிலீஸ் பேரிங். மிதித்தால் போகிற சத்தம் பெட்டிக்குள் முன் பேரிங் அல்லது துணைத் தண்டான லே ஷாஃப்ட். ஒன்று, இரண்டு, மூன்றில் முனகி டாப்பில் மட்டும் அமைதியானால் லே ஷாஃப்ட்தான் என்று அடித்துச் சொல்லலாம். டாப்பில் சக்தி நேராகப் பின்னால் போய்விடும், லே ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பெட்டி மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார். டாக்டர் குழாய் வாங்கித் தரட்டுமா என்று ஒரு எஸ்டேட் துரை கேட்டதற்கு, ‘இதுல நெஞ்சுச் சளி கேக்காதுங்க, பல் வலிதான் கேக்கும்’ என்றாராம். அவரே சொன்னது, நான் அப்போது அங்கே இல்லை.

1977 என்று நினைவு. குன்னூர் ஸ்டாண்டு டாக்சி ஒன்று, கறுப்பு மஞ்சள் அம்பாசடர், இரண்டாவது கழண்டுகொள்கிறது என்று வந்தது. அதற்கு முன் கோயமுத்தூரில் இரண்டு பட்டறையில் பெட்டியை இறக்கிப் பார்த்துவிட்டார்கள். கியரை விழுந்த இடத்திலேயே பிடித்துவைக்கும் பால், ஸ்பிரிங், அதோடு ஃபோர்க் எல்லாம் புதிது. மெயின் ஷாஃப்ட் பேரிங்கூடப் புதிது. பில் மட்டும் ஒரு கத்தை இருந்தது. டிரைவர் இரண்டாவது போட்டால் வலது கையால் ஸ்டீயரிங், இடது கையால் கியர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பர்லியாறுவரை இறங்குவானாம்.

மேஸ்திரி கேட்டார்: ‘ஏறும்போதா கழண்டுக்குது, எறங்கும்போதா?’

‘எறங்கும்போதுதானுங்ணா. ஏறும்போது கல்லாட்டம் நிக்குது.’

‘மத்த ரெண்டு பட்டறையிலயும் இதைக் கேட்டாங்களா?’

‘இல்லீங்ணா.’

மேஸ்திரி என்னைப் பார்த்து, ‘பானெட்டத் தெறடா’ என்றார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்டு பிரேக்கை இழுத்துவிட்டு, டிரைவரை இரண்டாவதில் போட்டு அரைக் கிளட்ச் விடச் சொன்னார். என்ஜின் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. அப்புறம் ரிவர்ஸ் போட்டு அதே மாதிரி அரைக் கிளட்ச். என்ஜின் மறுபக்கம் அப்படியே எழும்பியது; ஒரு விரல் உயரம் இருக்கும். உள்ளே பார்த்தால் ஸ்டீயரிங்கில் கியர் கம்பி தானாக நகர்கிறது, யாரோ பிடித்து இழுத்தது போல.

அந்தப் பக்கத்து மவுண்டிங் ரப்பர், ஒழுகின ஆயிலில் ஊறி இரும்பை விட்டுப் பிரிந்திருந்தது. ஏறும்போது என்ஜின் தள்ளுகிற திசையில் நல்ல ரப்பர் தாங்கிக்கொண்டது. இறக்கத்தில் சக்கரம் என்ஜினைத் தள்ளும், விசை திரும்பிவிடும். என்ஜின் எழும்பும், அதோடு பெட்டியும். கியர் கம்பியோ பாடியில் கட்டியிருக்கிறது, அது எழும்பாது. நடுவில் இருக்கிற கம்பிதான் இழுபட்டுக் கியரைக் கழற்றுகிறது. நிற்கிற வண்டியில் இறக்கத்தை உண்டாக்க ரிவர்ஸைப் பயன்படுத்தியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எந்தப் புத்தகத்திலும் அது இருந்ததாகத் தெரியவில்லை. ரப்பரை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டிரைவர் கோயமுத்தூர் பில்களை மேஸ்திரியிடம் நீட்டி, இதை என்ன செய்வது என்று கேட்டான். மேஸ்திரி கை துடைத்துக்கொண்டு வாங்கி, அடுத்த பெட்டிக்குக் கேஸ்கெட் வெட்ட ஆகும் என்று வைத்துக்கொண்டார்.

டீசல் அம்பாசடர்கள் 1980ஐ ஒட்டி வந்தபிறகு இந்த ரப்பர் வியாதி இன்னும் அதிகமானது. வண்டி நிற்கும்போதே டீசல் என்ஜின் ஆட்டுகிற ஆட்டத்தில் கம்பி மூட்டு எல்லாம் தளர்ந்துவிடும்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1983இல் மேஸ்திரி திருச்செந்தூர் போயிருந்தபோது கோத்தகிரி எஸ்டேட் ஜீப் ஒன்று வந்தது. ஜீப்பில் கியர் கம்பி நேராகப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அம்பாசடரைப் போலக் கம்பி மூட்டுகளைச் சந்தேகப்பட வழியில்லை. அணைத்தால் விழுகிறது, ஸ்டார்ட் பண்ணினால் முதல் கியரும் ரிவர்ஸும் அரைக்கின்றன. கிளட்ச் வெட்டவில்லை என்று சரியாகத்தான் கண்டுபிடித்தேன். பெட்டியை டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்து இறக்கி, புது பிளேட், பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர் உயரம் எல்லாம் ஒரே மட்டமாக வைத்து, சும்மா இருக்கக்கூடாதென்று இரண்டாவது கோனையும் மாற்றி, இரண்டு நாள் வேலை. ஏற்றிப் பூட்டி ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போட்டால் பழைய ‘கர்ர்ர்’.

மேஸ்திரி வந்து ஒரு நிமிஷம் கேட்டார். ‘கிராங்க் நுனியில கைய வச்சுப் பாத்தியா கண்ணு?’ என்றார். நான் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து வருகிற தண்டின் மூக்கு கிராங்க் ஷாஃப்டின் நுனியில் ஒரு வெண்கல புஷ்ஷுக்குள் உட்கார்ந்திருக்கும். விரல் கணு அளவு சாமான். அது காய்ந்து தண்டைப் பிடித்துக்கொண்டால், கிளட்சை எவ்வளவு மிதித்தாலும் கிராங்க் தண்டையும் சேர்த்தே சுற்றும். இரண்டு நாளும் அந்த ஓட்டை என் முகத்துக்கு நேராக இருந்தது. மறுபடி எல்லாவற்றையும் இறக்கினோம். புஷ் நீலம் பாரித்திருந்தது. அதை வெளியே எடுக்கிற விதம் அழகானது: ஓட்டைக்குள் கிரீஸை நிரப்பி, சரியாக நுழைகிற ஒரு கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தால், போக வழியில்லாத கிரீஸ் பின்னாலிருந்து புஷ்ஷைத் தள்ளி வெளியே கொண்டுவந்துவிடும். புதிதை ஒரு ராத்திரி ஆயிலில் ஊறப்போட்டு அடித்தோம். கூலியை மேஸ்திரி ஒரு தடவைக்குத்தான் வாங்கினார். இரண்டாம் தடவைக்கானது என் சம்பளத்தில் போனது. அது நியாயம்தான்.

பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்று முடிவானால், அதற்கு முன்பு ஆயில். சூடாக இருக்கும்போதே வடித்து, வெட்டின டால்டா டின்னில் பிடித்து, வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பொன் தூளாக மின்னினால் கோன் தேய்கிறது, காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுகிற கறுப்புச் சேறு எல்லா வண்டியிலும் கொஞ்சம் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். செதில் செதிலாக வந்தால் பேரிங். முனையுள்ள துண்டு வந்தால் பல். ஆயில் விஷயத்தில் அதிகம் கெட்டவை இங்கிலாந்து வழி வந்த பெட்டிகள். மோரிஸ் கார்களைச் செய்த பி.எம்.சி. கம்பெனி அந்தக் காலத்தில் தன் கார்களின் கியர்பாக்ஸுக்கு என்ஜின் ஆயிலைத்தான் சொன்னது. நம் ஆள்கள், கெட்டியாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கையில், பின்னால் கிரவுன் பினியனுக்கு ஊற்றுகிற கந்தக வாடை அடிக்கும் ஆயிலையே முன்னாலும் ஊற்றினார்கள். காலையில், ஊட்டிக் குளிரில், அது அல்வா மாதிரி நிற்கும். கோன் உரசிப் பிடிக்கவே முடியாது. அதோடு சூடேறினால் அந்த ஆயிலின் மருந்து வெண்கலத்தையும் அரிக்கும். குளிரில் மட்டும் இரண்டாவது அரைக்கிறது, குன்னூர் தாண்டினால் சரியாகிவிடுகிறது என்று சொல்கிறவனுக்கு ஆயிலை மாற்றினாலே போதும்.

விற்பதற்காக வரும் வண்டியின் பெட்டியில் மரத்தூளும் வாழைப்பழமும் போட்டுச் சத்தத்தை அடக்கும் தில்லுமுல்லு உலகம் முழுக்க உண்டு. நாங்கள் ஒரு பெட்டியில் மரத்தூளைக் கண்டோம். வாழைப்பழம் கண்டதில்லை. மேட்டுப்பாளையத்தில் வாழைத்தாருக்குப் பஞ்சம் இல்லை. ஒருவேளை அதனால்தான் யாருக்கும் அந்த யோசனை தோன்றவில்லையோ என்னவோ.

சாமான் கிடைப்பது தனிக் கதை. அம்பாசடருக்குக் கவலை இல்லை. ஹெரால்டுக்கு, கம்பெனி 1970களிலேயே அந்த மாடலைக் கைவிட்டபிறகு, கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளும் சென்னைப் புதுப்பேட்டையும்தான் கதி. ஹெரால்டு எனக்குப் பிடித்த வண்டி. முன்புறம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறக்கும்; வேலை பார்ப்பவன் டயர் மேல் உட்கார்ந்துகொள்ளலாம். பெட்டியை வண்டிக்கு அடியில் படுத்து இறக்க வேண்டாம். உள்ளே சீட்டைக் கழற்றி நடுவில் இருக்கும் மூடியை எடுத்தால், காருக்குள்ளேயே பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டுவரலாம். மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும். ஆனால் பல் உடைந்தால் புதுப் பல் இல்லை. உடைந்த இடத்தைக் கேஸ் வெல்டிங்கில் நிரப்பி, பக்கத்துப் பல்லின் அச்சை ஒரு தகரத்தில் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, அரத்தால் ராவி ராவிப் பல் கட்டுவோம். பல் கட்டுகிறது என்றே அதற்குப் பெயர். மில் மிஷின்களுக்குச் சக்கரம் வெட்டிப் பழகிய கோயமுத்தூர் லேத் பட்டறைகள் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே எங்களுக்கு இருந்திருக்காது. கன்மெட்டலை வார்த்துக் கோன் வளையத்தைக் கடைந்து தருவார்கள். கூம்பின் சரிவு மயிரளவு தப்பினால் வளையம் பிடிக்காது, அல்லது பிடித்தால் விடாது. மூன்றில் ஒன்று தேறும்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. முதல் சில வருஷம் எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஏனென்றால் மாருதி எங்கள் பட்டறைக்கு வரவே இல்லை. பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒன்றாக முன்னாலேயே, நான்கு கியருக்கும் கோன், கியர் தரையில், எல்லாம் லேசு. டிரைவர் எதையும் கற்க வேண்டியதில்லை. 1990களில் அம்பாசடரே இசுசு என்ஜினோடு ஐந்து கியர் பெட்டிக்கு மாறியது; கியர் கம்பி ஸ்டீயரிங்கை விட்டுத் தரைக்கு இறங்கியது. முன் சீட்டில் நடு ஆள் போனான். ஷேர் டாக்சிக்காரர்கள் திட்டினார்கள். மேஸ்திரி 1991இல் காலமானார், அதைப் பார்க்கவில்லை.

இப்போது என் மகன்தான் பட்டறை. ஸ்கேனர் வைத்திருக்கிறான், செருகினால் என்ன கோளாறென்று எழுத்தில் வருகிறது. கிளட்ச் பெடலே இல்லாத கார்கள் வருகின்றன, மோட்டார் தானே கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுகிறது. அதிலும் மிதிக்கிற மோட்டார் சரியாக மிதிக்காவிட்டால் அரைக்கத்தான் செய்கிறது. அப்போது மட்டும் என்னைக் கூப்பிடுவான்.

போன மாசம் கோத்தகிரியிலிருந்து ஒரு ஜீப் வந்தது. அதே மூன்று கியர் பெட்டி. தாத்தா வண்டியைப் பேரன் சரிபண்ணி ஓட்டுகிறான். இருபத்திரண்டு வயது இருக்கும். இரண்டாவது கழன்றுகொள்கிறது, பெட்டியை முழுசாகப் பிரித்துப் புதுசாக்க வேண்டும், பம்பாயிலிருந்து சாமான் வரவழைத்துவிட்டேன் என்றான். என் மகன் ஜாக்கியை எடுத்துவிட்டான்.

‘ஏறும்போதா, எறங்கும்போதா தம்பி?’ என்றேன்.

‘ரெண்டுலயுமேங்க. மேடு பள்ளத்துல குலுங்குனா கழண்டுக்குது.’

பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியின் உருண்டை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஓடந்துறைவரை ஓட்டச் சொன்னேன். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் கம்பி முன்னும் பின்னும் நடந்தால் தண்டு ஆடுகிறது என்று பொருள். நடக்கவில்லை. திடீரென்று ஒரே தாவலாகத் தாவியது. பாலும் ஸ்பிரிங்கும். வந்து மேல் மூடியை மட்டும் கழற்றினேன். ஸ்பிரிங் ஒன்று உடைந்து இரண்டாகக் கிடந்தது. பையன் வாங்கி வைத்திருந்த பம்பாய்ப் பெட்டியில் அந்த ஸ்பிரிங் மட்டும் இல்லை. மேஸ்திரியின் பழைய சிகரெட் டின் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதில் இருந்து எடுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது, முதல் கியரை ஓடும்போது போடாதே, போட்டே ஆகவேண்டுமென்றால் டபுள் கிளட்ச் என்று சொல்லிக் காட்டிக் கொடுத்தேன். நாலைந்து தடவை பழகினான். சாயங்காலம் ஜீப் கோத்தகிரி ரோட்டில் திரும்பி மேடு ஏறுகிற சத்தம் கேட்டது. இரண்டு கிளட்சுக்கும் நடுவில் தட்டு வந்தது; கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது. ‘கர்ர்ர்’ என்றது. அப்புறம் விழுந்தது.